திருப்பி அனுப்பப்பட்ட சரக்கும் தீர்ப்பளிக்கும் கையும்



ஜுமுஆ முடிந்து ஸஃப்பிலிருந்து எழும்போது ஆலிம்களிடம் கேட்கப்படும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. முன்பெல்லாம் தலாக், வாரிசுரிமை, ஜகாத் பற்றியே அதிகம் கேட்பார்கள். இன்று வேறொரு கேள்வி அடிக்கடி வருகிறது. "கைப்பேசியில் படம் பார்த்து வாங்கினோம் ஹஜ்ரத், வந்தது வேறு பொருளாக இருக்கிறது. திருப்பி அனுப்பினால் ஏற்க மறுக்கிறார்கள். என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்கிறார். அவர் நகர்ந்ததும் இன்னொருவர் வருகிறார். அவர் இணையத்தில் துணி விற்பவர். "நல்ல சரக்கைத்தான் அனுப்பினோம். உடுத்திக் கசக்கிவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். போக்குவரத்துச் செலவும் நம் தலையில் விழுகிறது" என்கிறார். ஒரே பள்ளிவாசலில், ஒரே ஸஃப்பில் நிற்கும் இருவரின் முறையீடுகள் இவை.

இது புதிய காலத்தின் புதிய பிரச்சினை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. கருவிதான் புதிது, வழக்கு பழையது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை நாம் வாழும் இந்த மண்ணிலேயே, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, திருப்பித் தள்ளப்பட்ட சரக்கை வைத்து ஏராளமான குடும்பங்களின் அடுப்பு எரிவதும் அணைவதும் முடிவாயின. அந்த வரலாற்றை அறிந்தால் இன்றைய வழக்கிற்கும் விடை தெளிவாகும்.

சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை சொல்லும் செய்தி

மாமல்லபுரத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால், கல்பாக்கத்தை ஒட்டிச் சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. வெள்ளையர் நாவில் அது 'சத்ராஸ்' ஆயிற்று. அங்கே கடலைப் பார்த்தபடி செங்கல்லால் கட்டிய கோட்டை ஒன்று சிதைந்து நிற்கிறது. உள்ளே அழகிய வேலைப்பாடுள்ள டச்சுக் கல்லறைகள் இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே வந்து இறங்கியதற்குக் காரணம் பொன்னும் அல்ல, முத்தும் அல்ல. இவ்வட்டாரத்து நெசவாளர் நெய்த மெல்லிய பருத்தித் துணியே காரணம்.

ஏன் துணி? கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் கீழைத் தீவுகளின் மக்கள் சோழமண்டலக் கரைத் துணியைக் கொடுத்தால் வாசனைப் பொருள்களைக் கொடுத்தார்கள். அங்கே துணியே பணமாகப் புழங்கிற்று. டச்சுக்காரர் வருவதற்கு முன்பே நம் மரக்காயர்கள் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் கப்பலில் துணி ஏற்றிச் சென்றவர்கள். மலாய் நாட்டில் இன்றும் நம் கைலியை 'பெலிகாட்' என்று அழைக்கிறார்கள். அது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயரே. அவ்வளவு தூரம் நம் துணி நடந்திருக்கிறது.

வியாபாரம் நடந்த முறையைக் கவனியுங்கள். கம்பெனியார் உள்ளூர் வணிகர்களை அழைத்து, இன்ன நீளம், இன்ன அகலம், இத்தனை இழை என்று சொல்லி, ஒரு மாதிரித் துணியையும் காட்டி ஒப்பந்தம் செய்வார்கள். முன்பணம் கொடுப்பார்கள். வணிகர் அந்தப் பணத்தை நெசவூர்களுக்குக் கொண்டு செல்வார். நெசவாளர் அதில் நூல் வாங்கி, பாவு ஓட்டி, தறியேற்றி நெய்து தருவார். மாதங்கள் கழித்துத் துணி கோட்டைக் கிடங்கிற்கு வந்து சேரும்.

இன்று இணையச் சந்தையில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பொருள் கண்ணெதிரே இல்லை, விவரணை மட்டும் இருக்கிறது. பணம் முன்னே போகிறது, சரக்கு பின்னே வருகிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே பழங்களுக்குப் பணம் கொடுத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். அதை அவர்கள் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்று நெறிப்படுத்தினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. ஃபிக்ஹ் நூல்களில் இது 'ஸலம்' எனப்படும்.

கிடங்கில் நடந்த தரம்பிரிப்பு

துணி கிடங்கிற்கு வந்ததும் பிரச்சினை தொடங்கும். கம்பெனியின் ஊழியர் ஒவ்வொரு துணியாக விரித்து, மாதிரியுடன் ஒப்பிட்டு, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று அடுக்குவார். தரம் குறைந்தால் விலை குறையும். மூன்றிலும் சேராதது கழிவுத் துணி. அது வணிகரிடம் திரும்பும். வணிகர் அதை நெசவாளரிடம் திருப்புவார்.

துணியில் குறை இருந்தால் திருப்புவது நியாயமே. இழை எண்ணிக்கையைக் குறைத்தும், அகலத்தைச் சுருக்கியும், கஞ்சியை ஏற்றிக் கனம் காட்டியும் ஏமாற்றியவர்களும் அன்று இல்லாமலில்லை. ஆனால் குறை இருக்கிறதா இல்லையா என்று முடிவு சொன்னவர் யார்? வாங்குபவரே! அளவுகோல் அவர் கையில், மாதிரித் துணி அவர் பெட்டியில், தீர்ப்பும் அவர் நாவில். முதல் தரத்தை இரண்டாம் தரம் என்று சொல்லிவிட்டால், மறுபேச்சுப் பேச நெசவாளர் யாரிடம் போவார்?

இருப்பினும் ஒரு காலம்வரை இந்த அநியாயத்திற்கு ஓர் அணை இருந்தது. இக்கரையில் வாங்குவோர் பலர் இருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர், சென்னையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர், இவர்களோடு நம் நாட்டு வணிகர்கள். ஒருவர் தள்ளியதை இன்னொருவர் வாங்கினார். அக்கால வழக்கப்படி, ஒப்பந்தம் பிடிக்கவில்லையென்றால் நெசவாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள முடிந்தது. திருப்பும் உரிமை ஒரு பக்கம் மட்டும் இருக்கவில்லை. வாங்குபவர் சரக்கைத் திருப்பலாம். நெய்பவர் பணத்தைத் திருப்பலாம். தராசின் இரு தட்டுகளும் ஓரளவு சமமாக நின்றன.

அந்தத் தராசு பின்னர் சாய்ந்தது. 1752ஆம் ஆண்டு கிளைவின் படை கோவளத்தையும் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தது. 1763ஆம் ஆண்டு ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா, சென்னையைச் சுற்றியிருந்த இந்தச் சீமையை ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். முதலில் நவாபே அதைக் குத்தகைக்கு எடுத்து நிர்வகித்தாலும், 1780களில் அது கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்துவிட்டது. 1781இல் சதுரங்கப்பட்டினத்தையும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். பிறகு டச்சுக்காரரிடம் திரும்பக் கொடுத்தாலும், 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அது நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

இதனால் நெசவாளருக்கு என்ன நேர்ந்தது? துணி வாங்குபவரே வரி வாங்குபவராகவும், சேவகரை அனுப்பி ஆளைப் பிடித்து வருபவராகவும் ஆகிவிட்டார். எங்கள் முன்பணம் வாங்கியவர் வேறு யாருக்கும் நெய்யக் கூடாது என்று கட்டாயம் வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் பழைய உரிமை பறிபோயிற்று. ஆனால் சரக்கைத் திருப்பித் தள்ளும் உரிமை மட்டும் கம்பெனியிடம் அப்படியே இருந்தது. வங்காளத்தில் கம்பெனியில் பணியாற்றிப் பின்னர் அதனோடு பிணங்கிய வில்லியம் போல்ட்ஸ் என்பவர் 1772இல் வெளியிட்ட நூலில், அங்கே கம்பெனியாரின் மதிப்பீட்டாளர்கள் வைத்த விலை, வெளிச்சந்தை விலையைவிடக் குறைந்தது 15 சதவீதமும் சில இடங்களில் 40 சதவீதமும் தாழ்ந்திருந்தது என்று எழுதினார். வாங்குபவரே நீதிபதியானால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையா?

பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களைக் குர்ஆன் 'முதஃப்பிஃபீன்' என்று கண்டித்து, அப்பெயரிலேயே ஓர் அத்தியாயத்தைத் தொடங்குகிறது. தராசில் கைவைப்பவர் மட்டுமா முதஃப்பிஃப்? தனக்கொரு அளவுகோல், பிறருக்கொரு அளவுகோல் வைத்திருப்பவர் எவரும் அந்தக் கண்டனத்திற்கு அஞ்ச வேண்டியவரே.

கலீஃபா வாங்கிய குதிரை

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியை நம் வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் ஒருவரிடம் குதிரையை விலை பேசி, ஓட்டிப் பார்ப்பதற்காக ஏறிச் சென்றார்கள். வழியில் குதிரை ஊனமடைந்துவிட்டது. குதிரையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி உமர் (ரலி) சொன்னார்கள். விற்றவர் மறுத்தார்.

சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் பெரும் பேரரசுகளை வென்ற ஆட்சித் தலைவர். மறுபக்கம் குதிரை விற்கும் சாமானியர். உமர் (ரலி) தம் அதிகாரத்தால் அந்த வழக்கை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் நம்மிடையே ஒருவரை நடுவராக வைப்போம் என்றார்கள். விற்றவர் ஷுரைஹ் என்பவரின் பெயரைச் சொன்னார். ஷுரைஹ் (ரஹ்) இரு தரப்பையும் கேட்டுவிட்டு, வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எந்த நிலையில் பெற்றீர்களோ அந்த நிலையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று கலீஃபாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். உமர் (ரலி) கோபப்படவில்லை. அந்த நீதியை வியந்து, அவரையே கூஃபா நகரின் காஜியாக நியமித்தார்கள்.

ஒரு பொருளைத் திருப்பும் வழக்கிலிருந்து இஸ்லாமிய வரலாற்றின் புகழ்பெற்ற நீதிபதி ஒருவர் கிடைத்தார். சதுரங்கப்பட்டினத்துக் கிடங்கில் இல்லாமல் போனதும் இதுவே: இரு தரப்பிலும் சேராத ஒரு மூன்றாம் மனிதர்.

சாயம் போன துணி

இனி நம் காலத்திற்கு நெருங்கிய ஒரு வழக்கிற்கு வருவோம். குற்றம் பொருளில் இருக்கிறதா, மறைப்பதில் இருக்கிறதா என்பதை அது காட்டும்.

சென்னைப் பட்டினத்தின் பெயரால் 'மெட்ராஸ்' என்றே உலகெங்கும் அறியப்பட்ட கட்டம்போட்ட கைத்தறித் துணி ஒன்று உண்டு. 1958ஆம் ஆண்டு, வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், ஏற்றுமதியாளரான கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் கெஜம் ஒரு டாலர் விலையில் இத்துணியை வாங்கினார். இயற்கைச் சாயம் ஏற்றிய துணி அது. குளிர்ந்த நீரில் மெதுவாக அலச வேண்டும், இல்லாவிட்டால் சாயம் கலையும் என்று நாயர் எச்சரித்து அனுப்பினார். ஜேக்கப்சன் அதில் 10,000 கெஜத்தைப் புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் ஆடை நிறுவனத்திற்கு விற்றார். ஆனால் அந்த எச்சரிக்கை மட்டும் போய்ச் சேரவில்லை. ஆடை வாங்கிய மக்கள் வழக்கம்போல் துவைத்தார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடின. வாடிக்கையாளர் கொதித்தனர், விற்பனையாளர் வழக்குப் போடப்போவதாகச் சீறினார்.

முடிவு என்ன தெரியுமா? துவைக்கத் துவைக்க நிறம் மாறுவதே இத்துணியின் சிறப்பு என்று பத்திரிகையில் எழுதப்பட்டது. சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் தருகிறோம் என்றே விளம்பரம் செய்தார்கள். மக்கள் விரும்பி வாங்கினர். துணி அதே துணி. சாயம் அதே சாயம். சொல்லாமல் விற்றபோது அது ஏமாற்று; சொல்லி விற்றபோது அது சிறப்பு!

தானியக் குவியல் ஒன்றுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி ஏன் அதை மேலே வைக்கவில்லை என்று அந்த வியாபாரியைக் கேட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மழையில் தானியம் நனைவது குற்றமல்ல. நனைந்ததை அடியில் வைத்து மூடுவதே குற்றம். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்துள்ள நபிமொழியும் நமக்கு நன்கு தெரிந்ததே.

குறையை மறைத்து விற்றால் திருப்பும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதற்கு 'கியாருல் ஐப்' என்று பெயர். நம் கடற்கரை ஊர்களில் பரவலாக உள்ள ஷாஃபிஈ மத்ஹபும் ஹனஃபி மத்ஹபும் சில நுணுக்கங்களில் வேறுபட்டாலும் இந்த அடிப்படையில் ஒன்றே. அதே நேரத்தில், குறையைக் கண்ட பின்பும் அப்பொருளைத் தன் சொந்தப் பொருளாகவே பயன்படுத்தி வந்தால் அந்த உரிமை போய்விடும். வாங்கியவர் கையில் புதிதாக ஒரு சேதம் ஏற்பட்டுவிட்டால், பொருளைத் திரும்ப ஏற்கும்படி விற்றவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பழைய குறைக்குரிய இழப்பீட்டை மட்டுமே கேட்கலாம். உமர் (ரலி) அவர்களின் குதிரை வழக்கில் கேட்ட நீதியும் இதே திசையில்தான் நிற்கிறது.

இன்றைய சட்டமும் இன்றைய சந்தையும்

நம் நாட்டுச் சட்டம் இத்திசையில் படிப்படியாக நகர்ந்து வந்திருக்கிறது. மாதிரி காட்டி விற்றால் சரக்கு மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும், வாங்குபவர் சோதித்துப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் சொல்லிற்று. 1986இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2019இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை அது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. அதே மாதம் வெளியான மின்வணிக விதிகள், விவரணைக்கு மாறான பொருளையும் குறையுள்ள பொருளையும் விற்றவர் திரும்ப ஏற்க வேண்டும் என்கின்றன. இணையச் சந்தை நடத்துவோர் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, புகார் வந்த 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும் என்றும் கூறுகின்றன.

புதிய சட்டத்தில் நம் மக்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்று உண்டு. நிறுவனத்தின் தலைமையகம் பெங்களூரில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். நம் மாவட்டத்தார்க்குச் செங்கல்பட்டிலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்ச ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தையும் அழைக்கலாம். சதுரங்கப்பட்டினத்து நெசவாளருக்குக் கிட்டாத மூன்றாம் மனிதர் நமக்குக் கிடைத்திருக்கிறார். அவரை நாடாமல் சபித்துக்கொண்டே இருப்பதில் என்ன பயன்?

ஆனால் இந்த ஏற்பாட்டில் இன்னும் ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது. நுகர்வோர் ஆணையத்தின் வாசல் நுகர்வோருக்கே உரியது. பொய்க் காரணம் சொல்லிப் பொருளைத் திருப்பும் வாடிக்கையாளரால் நஷ்டமடையும் சிறுவியாபாரி அங்கே போய் அந்த வாடிக்கையாளர் மீது முறையிட முடியாது. அவர் இணையச் சந்தை நடத்தும் நிறுவனத்திடமே முறையிட வேண்டும். அந்த நிறுவனமோ சந்தையை நடத்துகிறது, தரகும் வாங்குகிறது, தீர்ப்பும் சொல்கிறது. காஞ்சிபுரத்துக் கைத்தறிப் புடவையை வீட்டிலிருந்தே விற்கும் ஒரு பெண்ணும், மாமல்லபுரத்தில் அம்மியும் கல்விளக்கும் கொத்தி அனுப்பும் ஒரு கைவினைஞரும், பெட்டியில் உடைந்து திரும்பி வந்த சரக்கை வைத்துக்கொண்டு யாரிடம் பேசுவார்கள்? பழைய கிடங்கின் நிழல் இன்னும் முழுதாக விலகவில்லை.

இங்கேதான், சகோதர சகோதரிகளே, சட்டம் எட்டாத இடத்தில் இறையச்சம் எட்ட வேண்டியிருக்கிறது. பெருநாளைக்கு உடுத்திவிட்டு, விலைச்சீட்டை மீண்டும் கோர்த்து, "அளவு சரியில்லை" என்று திருப்பி அனுப்புவது வசதி அல்ல. பொய் சொல்லி அடுத்தவர் பொருளை அனுபவிப்பது. புதிய பொருளை எடுத்துக்கொண்டு பழையதைப் பெட்டியில் வைத்து அனுப்புவது திருட்டு. அந்தப் பெரிய நிறுவனத்திற்கு இது ஒரு பொருட்டா என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் அந்த நஷ்டம் நிறுவனத்தின் கணக்கில் எழுதப்படுவதில்லை. பெயர் தெரியாத ஏதோ ஓர் ஊரில், கடன் வாங்கிச் சரக்கு எடுத்த ஒரு குடும்பத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

விற்பவர்களும் தங்கள் பங்கை மறக்கலாகாது. உள்ளதைக் காட்டும் படத்தைப் போடுங்கள். நிறம் சற்று மாறும் என்றால் எழுதுங்கள். துவைக்கும் முறையைச் சொல்லுங்கள். அனுப்பும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். வாங்குபவர்களே, பெட்டியைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். குறை கண்டால் அன்றே சொல்லுங்கள், பயன்படுத்திப் பார்த்துவிட்டுச் சொல்லாதீர்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கத்திற்கு இந்தப் பதிவுகள் அந்நியமானவை அல்ல.

இவை அனைத்திற்கும் மேலான ஒரு படியும் உண்டு. சரக்கில் குறையே இல்லை. வாங்கியவர் மனம் மாறி வருந்துகிறார். திரும்பப் பெற வேண்டிய கடமை விற்றவருக்கு இல்லை. ஆயினும் அவர் மனமிரங்கி ஏற்றுக்கொண்டால் அதற்கு 'இகாலா' என்று பெயர். அப்படி ஏற்றுக்கொள்பவரின் தவறுகளை மறுமையில் அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் நபிமொழி அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் உள்ளது. நாமும் ஒருநாள் நம் அமல்களைச் சுமந்துகொண்டு சென்று நிற்கப்போகிறவர்கள். அவற்றில் எத்தனை குறை, எத்தனை இழை விடுபட்டிருக்கும்! அந்தச் சரக்கு நம் முகத்தில் திருப்பி எறியப்படாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற நாம், நம்மிடம் சரக்கைத் திருப்பிக் கொண்டுவருபவரிடமும், நாம் திருப்பும் சரக்கிலும் நேர்மையாக நடந்துகொள்வோம்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும், நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.